மோகா சோதனையில் 28 மதிப்பெண், ஆனால் வேலையில் கவனம் நிற்பதில்லை: லூபஸ் நோயாளிகளின் அறிதிறனை எப்படி மதிப்பிடுகிறார்கள்?

அகல்விளக்கு:

எல்லோருக்கும் வணக்கம். உடலின் எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்கும் லூபஸ் நோய் எனக்கு இருப்பது உறுதியாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. முகத்துத் தடிப்பும் மூட்டுவலியும் மருந்துக்குக் கட்டுப்பட்டுவிட்டன. சிறுநீரில் புரதம் போவதில்லை, ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் சரியாக இருக்கிறது. ஹைட்ராக்சிகுளோரோகுயினும், குறைந்த அளவில் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டும் எடுத்துக்கொள்கிறேன். நோய் அடங்கியிருக்கிறது என்றுதான் மருத்துவர் சொல்கிறார்.

ஆனால் என் வேலைத்திறன் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. நான் கணக்குத் தணிக்கை செய்பவள். இடப்பக்கம் ரசீது, வலப்பக்கம் பேரேடு என்று வைத்துக்கொண்டு ஒப்பிடுவது என் அன்றாட வேலை. முன்பெல்லாம் தொகை, தேதி, ரசீது எண் மூன்றையும் ஒரே பார்வையில் மனத்தில் ஏற்றிக்கொண்டு பேரேட்டில் தேடுவேன். இப்போது கண்ணைத் திருப்புவதற்குள் தேதி போய்விடுகிறது. தேதியைப் பார்க்கத் திரும்பினால் தொகை போய்விடுகிறது. இடையில் யாராவது ஒரு கேள்வி கேட்டுவிட்டால், எந்த வரியில் நின்றேன் என்பது தெரியாமல் பக்கத்தின் தலைப்பிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கிறது. பேசும்போது நன்றாகத் தெரிந்த சொல்லும் நாக்கு நுனியிலேயே நின்றுவிடுகிறது.

இதைச் சொன்னதும், கவனம், நினைவு, சிந்தனை ஆகிய அறிதிறன்களை விரைவாகப் பார்க்கும் மோகா சோதனை வைத்தார்கள். கடிகாரம் வரைந்தேன், கனசதுரத்தைப் பார்த்து வரைந்தேன், நூறிலிருந்து ஏழேழாகக் கழித்தேன். ஐந்து சொற்களை நினைவுகூரும் இடத்தில் மட்டும் இரண்டு விட்டுப்போயின. 30க்கு 28 வந்தது. 26 இருந்தாலே இயல்புதான் என்றார்கள். எம்ஆர்ஐ ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. மன அழுத்தமாக இருக்கும், ஓய்வெடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சோதனை இயல்பாக வந்த பிறகும் உண்மையில் குறைபாடு இருக்க வாய்ப்புண்டா? அப்படியானால் எந்தச் சோதனையைக் கேட்டுப் பெற வேண்டும்? இது லூபஸால் வந்ததா, மருந்தால் வந்ததா, மனச்சோர்வால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியுமா? இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி ஒன்றும் இருக்கிறது: இது நாளடைவில் மறதி நோயாக முற்றிவிடுமா?

முடிச்சு:

அகல்விளக்கு அவர்களுக்கு, நான் வாதநோய்ப் பிரிவில் பணியாற்றும் மருத்துவன். உங்களைப் பரிசோதிக்காமல் உங்கள் நிலை இதுதான் என்று நான் சொல்ல முடியாது. பொதுவாகத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் கடைசிக் கேள்விக்கு வருகிறேன், ஏனெனில் மற்றவற்றைவிட அதுதான் உங்களை வாட்டுகிறது என்று நினைக்கிறேன். லூபஸில் காணப்படும் அறிதிறன் குறைபாடு பெரும்பாலும் லேசானது அல்லது நடுத்தரமானது. ஆண்டுக்காண்டு இறங்கிக்கொண்டே போகும் வகையைச் சேர்ந்ததும் அன்று. பலருக்கு அது ஏறி இறங்கும், சிலருக்கு அப்படியே நிற்கும், சிலருக்குத் தானாகவே சீராகும். கடுமையான குறைபாடு 3 முதல் 5 விழுக்காட்டினரிடம் மட்டுமே காணப்படுவதாக ஐரோப்பிய வாதநோய்க் கூட்டமைப்பு 2010இல் வெளியிட்ட பரிந்துரைகள் கூறுகின்றன. திரும்பத் திரும்ப மூளையில் ரத்தக்கட்டு ஏற்படுபவர்களின் நிலை வேறு. அதைக் கீழே சொல்கிறேன்.

சோதனை இயல்பாக இருந்தும் குறைபாடு இருக்க முடியுமா என்றால், தாராளமாக இருக்க முடியும். மோகா என்பது முதியவர்களிடம் தொடக்கநிலை நினைவிழப்பைச் சல்லடையிட்டுப் பிடிப்பதற்காக உருவாக்கப்பட்டு 2005இல் வெளியான, பத்து நிமிடச் சோதனை. அதற்கும் முந்தைய, இதேபோன்ற எம்எம்எஸ்இ என்ற குறுஞ்சோதனை லேசான குறைபாட்டைக் கண்டுபிடிப்பதில் இன்னும் பலவீனமானது. லூபஸில் முதலில் அடிபடுவது பெரும்பாலும் வேகமும் கவனமும் ஒரே நேரத்தில் இரண்டு காரியங்களைச் சமாளிக்கும் திறனும்தான். மோகாவில் வேகத்துக்கு ஏறக்குறைய இடமே இல்லை. எடுத்துக்காட்டாக, குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் சொல்லும் பகுதியில் 11 சொற்கள் வந்தால் ஒரு மதிப்பெண். 11 சொன்னவருக்கும் ஒன்று, 22 சொன்னவருக்கும் அதே ஒன்று. முன்பு 22 சொல்லக்கூடியவராக இருந்து இப்போது 12க்கு இறங்கியவரின் இழப்பு அந்தத் தாளில் எங்கும் பதிவாகாது. படித்து, கணக்கோடு பழகியவர்களிடம் இது அடிக்கடி நடக்கிறது.

லூபஸின் நரம்பு மற்றும் மனநல வெளிப்பாடுகள் 19 என்று அமெரிக்க வாதநோயியல் கல்லூரி 1999இல் வரையறுத்தது. அறிதிறன் குறைபாடு அவற்றுள் ஒன்று. எளிய கவனம், சிக்கலான கவனம், நினைவாற்றல், காட்சி மற்றும் இடவெளி உணர்வு, மொழி, பகுத்தாய்தல், செயல்வேகம், திட்டமிட்டு நடத்தும் திறன் என எட்டுக் களங்களைப் பார்க்க வேண்டும் என்றும் அது சொன்னது. எத்தனை நோயாளிகளுக்கு இக்குறைபாடு உண்டு என்று கேட்டால், பழைய ஆய்வுகளின் விடைகள் மிகச் சில விழுக்காட்டிலிருந்து எண்பது விழுக்காடு வரை சிதறிக் கிடக்கின்றன. நோயாளிகள் அவ்வளவு மாறுபட்டவர்கள் என்பதல்ல இதற்குக் காரணம். ஆய்வுக்கு ஆய்வு சோதனையும் வேறு, எதற்குக் கீழே போனால் குறைபாடு என்னும் எல்லைக்கோடும் வேறு. நினைவு, கவனம், வேகம் போன்றவற்றைத் தனித்தனியே விரிவாக அளக்கும் முழுமையான நரம்பியல் உளவியல் சோதனைகளைப் பயன்படுத்திய ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, ஏறத்தாழ 38 விழுக்காடு என்று கணக்கிட்டது. ஆகவே நீங்கள் சொல்வது அரிதான புகார் அன்று.

எம்ஆர்ஐ இயல்பாக இருப்பதும் உங்கள் அனுபவத்தைப் பொய்யாக்காது. ரத்தக்கட்டு, ரத்தக்கசிவு, கட்டி, தொற்று போன்றவை இல்லை என்று உறுதிசெய்வதற்காகவே பெரும்பாலும் அதை எடுக்கிறோம். மூளையின் உட்பகுதியில் நரம்பிழைகள் நிறைந்த வெண்பொருளில் சிறு புள்ளிகள் உள்ள பலர் சோதனையில் நன்றாகச் செய்கிறார்கள். படம் துப்புரவாக உள்ள பலர் தடுமாறுகிறார்கள்.

காரணத்தைப் பிரிப்பதுதான் இதில் கடினமான பகுதி, உள்ளபடி சொன்னால் எப்போதும் முழுமையாகப் பிரிக்கவும் முடிவதில்லை. ஆனால் சரிசெய்யக்கூடியவற்றை முதலில் தேட வேண்டும். தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, ரத்தசோகை, சிறுநீரகச் செயல்பாடு, ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் உறக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்க்க வேண்டும். வலிக்கும் தூக்கத்துக்கும் ஒவ்வாமைக்கும் என்று பல இடங்களில் வாங்கிச் சேர்ந்துவிட்ட மாத்திரைகளில் சில மூளையை மந்தமாக்கும். முழுப் பட்டியலையும் ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டு அதிக அளவில் இருந்தால் நினைவும் மனநிலையும் தூக்கமும் மூன்றுமே பாதிக்கப்படலாம். ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் பிரெட்னிசலோனைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். திடீரென நிறுத்துவது ஆபத்து.

திடீர்க் குழப்பம், வலிப்பு, ஒரு பக்கம் பலவீனம், பேச்சு குளறுதல், கடுமையான புதிய தலைவலி ஆகியவற்றில் எது வந்தாலும் இந்தத் தளத்தில் கேள்வி எழுதிக்கொண்டிராமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

நூலாய்வன்:

முடிச்சு ஐயா, இடையில் ஒரு கேள்வி. மூளையைத் தாக்கும் எதிர்ப்பான்களை (எதிர்ப்பாற்றல் உருவாக்கும் புரதங்களை) ரத்தத்திலேயே கண்டுபிடிக்கலாம் என்று எங்கோ படித்தேன். அப்படி ஒரு சோதனை இருந்தால் மணிக்கணக்கில் புதிர் போட்டுப் பார்க்க வேண்டிய தேவை என்ன?

முடிச்சு:

மூளை நரம்பணுக்களில் சமிக்ஞைகளை வாங்கும் என்எம்டிஏ ஏற்பிகளோடு ஒட்டிக்கொள்ளும் ஒருவகை எதிர்ப்பான்கள் லூபஸ் நோயாளிகள் சிலரிடம் உண்டு. எலிகளில் நடந்த ஆய்வுகளில், இந்த எதிர்ப்பான்கள் ரத்தத்தில் இருந்தால் மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு பழுதாகும்போதுதான் உள்ளே நுழைந்து, நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியின் நரம்பணுக்களைச் சேதப்படுத்தின. ரத்தத்தில் உள்ள அளவு அறிதிறனோடு நேராகப் பொருந்தாமல் போவதற்கு இது ஒரு விளக்கம். மருத்துவமனையில் முடிவெடுக்க உதவும் நிலைக்கு அந்தச் சோதனை வரவில்லை.

ரத்தம் எளிதில் உறையக் காரணமாகும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பான்களின் கதை வேறு. லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், பீட்டா2 கிளைக்கோபுரத எதிர்ப்பான் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு லூபஸ் நோயாளிக்கும் பார்க்க வேண்டும். இருப்பதாக வந்தால் குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி பார்த்து உறுதிசெய்ய வேண்டும். இவை விடாமல் நீடிப்பவர்களிடம் அறிதிறன் குறைபாடு கூடுதலாகக் காணப்படுகிறது, ரத்தக்கட்டு அபாயமும் உண்டு. அப்போதும் எதிர்ப்பான் இருப்பது ஒரு காரணத்தைச் சுட்டுமே தவிர, அந்த மனிதர் எந்த வேலையில் எவ்வளவு தடுமாறுகிறார் என்பதைச் சொல்லாது. அதற்கு அந்தப் 'புதிர்கள்' தான் வழி.

கரும்பலகை:

நான் நரம்பியல் உளவியல் மதிப்பீடு செய்பவள். புதிர் என்று சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

அமெரிக்க வாதநோயியல் கல்லூரியின் குழு, லூபஸுக்கென்று சுமார் ஒரு மணி நேரத்தில் முடிக்கக்கூடிய ஒரு சோதனைத் தொகுப்பைப் பரிந்துரைத்தது. அதன் ஒவ்வொரு உறுப்பையும் இங்கே விளக்கப்போவதில்லை, முன்கூட்டியே தெரிந்துகொண்டு வந்தால் முடிவு கெட்டுவிடும். சில மாதிரிகள் மட்டும் சொல்கிறேன். 1 முதல் 9 வரை ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு குறி கொடுக்கப்பட்டிருக்கும்; கீழே வரிசையாக உள்ள எண்களுக்கு உரிய குறிகளை இரண்டு நிமிடத்துக்குள் எத்தனை இட முடிகிறது என்று பார்ப்போம். அகல்விளக்கு சொல்லும் ரசீது, பேரேடு வேலைக்கு மிக நெருக்கமான சோதனை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: கண் மேலும் கீழும் போய்வர வேண்டும், பார்த்ததை ஒரு கணம் மனத்தில் பிடித்து வைக்க வேண்டும், கை ஓட வேண்டும். இன்னொன்றில் தாளில் சிதறிக் கிடக்கும் எண்களையும் எழுத்துகளையும் 1, அ, 2, ஆ என்று மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்க வேண்டும். எண்களை மட்டும் இணைக்க ஆகும் நேரத்துக்கும், மாற்றி மாற்றி இணைக்க ஆகும் நேரத்துக்கும் உள்ள வேறுபாடு, மனம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்கு எவ்வளவு விலை கொடுக்கிறது என்று காட்டும். எழுத்து வரிசையில் பழக்கம் குறைந்தவர்களுக்கு எழுத்துக்குப் பதில் நிறங்களைக் கொண்ட வடிவமும் உண்டு.

நினைவுச் சோதனையில் 16 சொற்கள் கொண்ட பட்டியலை ஐந்து முறை படிப்போம். ஒவ்வொரு முறையும் திருப்பிச் சொல்ல வேண்டும். நடுவே வேறொரு பட்டியலைக் கொடுத்துக் கலைத்துவிட்டு, இருபது நிமிடம் கழித்து முதல் பட்டியலைக் கேட்போம். இதில் மொத்த மதிப்பெண்ணைவிடத் தவறின் வடிவம் முக்கியம். ஐந்து முறை கேட்டும் பட்டியல் மனத்தில் ஏறவில்லையா, ஏறியது பின்னர் அழிந்துபோனதா, அல்லது உள்ளே இருந்தும் எடுக்க முடியாமல் நிற்கிறதா? கடைசி வகையினர், சொற்களைக் கலந்து கொடுத்து 'இது பட்டியலில் இருந்ததா?' என்று கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவார்கள். உங்களுக்கு மோகாவில் விட்டுப்போன இரண்டு சொற்களைக் குறிப்புக் கொடுத்துக் கேட்டார்களா? கேட்டிருந்தால் அந்த விடை மதிப்பெண்ணில் சேராது, ஆனால் தாளில் எழுதப்பட்டிருக்கும். வாங்கிப் பாருங்கள்.

மதிப்பெண்ணை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் பல மதிப்பீடுகள் சறுக்குகின்றன. உங்கள் வயதும் கல்வியும் ஒத்த, அதே மொழியில் சோதிக்கப்பட்ட நலமானவர்களின் சராசரியோடு ஒப்பிட வேண்டும். வேறு மொழியினரிடம் எடுத்த அளவுகோலை அப்படியே பொருத்தினால் நோயில்லாதவரும் நோயாளியாகத் தெரிவார். மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவே திட்டவிலக்கம். சராசரியிலிருந்து 1.5 திட்டவிலக்கம் கீழே என்றால், நலமானவர்கள் நூறு பேரில் ஏழு பேர் அளவுக்கே அதற்கும் கீழே இருப்பார்கள். 2 திட்டவிலக்கம் என்றால் இரண்டு பேர் அளவுக்கு. ஆனால் பத்துப் பன்னிரண்டு சோதனைகளை ஒருவருக்கு வைத்தால், எந்த நோயும் இல்லாதவருக்கும் ஒன்றிரண்டு தாழ்வாக வருவது சகஜம். அதனால் ஒற்றைத் தாழ்வை வைத்து நான் எதுவும் எழுதுவதில்லை. ஒரே களத்தைச் சேர்ந்த வெவ்வேறு சோதனைகள் ஒரே திசையில் சாய்கின்றனவா என்று பார்க்கிறேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எப்போதும் சராசரிக்கு வெகு மேலே இருந்த ஒருவர் இன்று சராசரியில் நின்றால் அறிக்கை 'இயல்பு' என்று சொல்லும், அவருக்கோ அது இறக்கம். நோய்க்கு முந்தைய நிலையைக் கல்வி, தொழில், நோயால் எளிதில் குறையாத சொல்வளம் போன்றவற்றைக் கொண்டு ஊகித்து, அதோடு ஒப்பிட வேண்டும். உங்கள் தொழிலைப் பற்றி மதிப்பீட்டாளர் விரிவாகக் கேட்கவில்லை என்றால் நீங்களாகவே சொல்லுங்கள்.

லூபஸுக்கே உரிய இரண்டு பொறிகளையும் குறிப்பிட வேண்டும். விரல் மூட்டு வீங்கியிருந்தால் எழுதும் வேகச் சோதனைகள் எல்லாமே தாழ்வாக வரும். அது மூளையின் வேகம் அன்று. அப்போது வாயால் விடை சொல்லும் வடிவத்தைப் பயன்படுத்த வேண்டும். ஹைட்ராக்சிகுளோரோகுயின் நீண்ட நாள் எடுப்பவர்கள் விழித்திரைப் பரிசோதனையைத் தவறாமல் செய்துகொள்ள வேண்டும் என்பது தெரிந்ததே. பார்வையில் குறையிருந்தால் காட்சிச் சோதனைகளும் கெடும். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வருபவர்கள் எத்தனை பேர் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

கணினியில் செய்யும் அனாம் என்ற தொகுப்பும் லூபஸ் ஆய்வுகளில் பயன்பட்டிருக்கிறது. அமெரிக்க ராணுவத்துறை உருவாக்கியது. வினைவேகத்தை நுட்பமாக அளக்கும், அடிக்கடி திருப்பிச் செய்யவும் ஏற்றது. ஆனால் அது தனியாக நின்று நோயறிதல் சொல்லாது. மோகாவைப் போல அதுவும் வாசற்படிதான்.

செம்பருத்தி:

நானும் லூபஸ் நோயாளிதான், இந்த நீண்ட மதிப்பீட்டை முடித்தவள். அகல்விளக்கு, அது களைப்பூட்டும் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். வழியில் இடைவேளை கேட்பது உங்கள் உரிமை. என் அறிக்கையில் நினைவாற்றல் நன்றாகவும் செயல்வேகம் தெளிவாகத் தாழ்ந்தும் வந்தது. அதுவரை எனக்கு மறதி வந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் எதிரில் இருப்பவர் பேசும் வேகத்துக்கு என் கவனம் ஈடுகொடுக்கவில்லை, அதனால் பாதிப் பேச்சு உள்ளேயே போகவில்லை. உள்ளே போகாததை எப்படி நினைவுகூர முடியும்? இது தெரிந்த பிறகு, பேச்சைக் குறிப்பெடுத்து, ஒருமுறை திருப்பிச் சொல்லி உறுதிசெய்துகொள்ளப் பழகிவிட்டேன்.

கரும்பலகை அவர்களிடம் ஒரு மனத்தாங்கலைச் சொல்ல வேண்டும். அமைதியான அறை, ஒரு நேரத்தில் ஒரே வேலை, எதிரில் பொறுமையாக ஒருவர் என்று வைத்துச் சோதித்தால் யார்தான் நன்றாகச் செய்யமாட்டார்கள்? என் வீழ்ச்சி மாலை நான்கு மணிக்கு, நாலு பேர் பேசும் இடத்தில் நடக்கிறது. அதை எந்தச் சோதனையும் அளக்கவில்லை. நாங்கள் சொல்வதைவிட உங்கள் தாள்தான் உண்மை என்பது சரியா?

கரும்பலகை:

சரியில்லை, செம்பருத்தி. சோதனை அறை மிகச் சாதகமான சூழல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அன்றாடத் தடுமாற்றத்தைக் கேட்டறியும் வினாத்தாள்கள் இருப்பது அதற்காகத்தான். இருபது கேள்விகள் கொண்ட ஒன்று, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோய் உள்ளவர்களுக்காக உருவானது, லூபஸிலும் பயன்படுகிறது. ஆனால் ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தெரிவது என்னவென்றால், வினாத்தாளின் விடைகள் சோதனை மதிப்பெண்களோடு அவ்வளவாகப் பொருந்துவதில்லை. களைப்போடும் மனச்சோர்வோடும் வலியோடும்தான் கூடுதலாகப் பொருந்துகின்றன. நோயாளி பொய் சொல்கிறார் என்று இதற்குப் பொருள் இல்லை. ஒன்று 'இவரால் அதிகபட்சம் எவ்வளவு முடியும்' என்று அளக்கிறது, மற்றது 'அந்த அளவை நாள் முழுக்கத் தக்கவைக்க என்ன விலை ஆகிறது' என்று சொல்கிறது. இரண்டும் வேண்டும். கூடவே இருக்கும் ஒருவரிடமும் நான் தனியாகக் கேட்பேன்.

மனச்சோர்வு இருப்பதாக வந்தால் 'அப்படியானால் எல்லாமே மனம்தான்' என்று மூடிவிடுவதையும் நான் ஏற்பதில்லை. லூபஸில் மனச்சோர்வும் அறிதிறன் குறைபாடும் ஒருசேர இருப்பது சாதாரணம். மனச்சோர்வுக்குச் சிகிச்சை செய்து, பிறகு மறுபடி சோதித்து, எது தெளிந்தது எது நின்றது என்று பார்ப்பதுதான் நேர்மையான வழி.

அகல்விளக்கு:

பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. மோகா தாளைக் கேட்டு வாங்கினேன். விட்டுப்போன இரண்டு சொற்களில் ஒன்றை, வகையைச் சொன்னதும் கூறியிருக்கிறேன். முழு மதிப்பீட்டுக்குப் பரிந்துரைக் கடிதமும் கேட்டிருக்கிறேன். இப்போது பிரெட்னிசலோனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருகிறார்கள். குறைத்து முடியும்வரை காத்திருக்க வேண்டுமா? குறைபாடு உறுதியானால் அதற்கென்று மருந்து ஏதும் உண்டா?

முடிச்சு:

மருந்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். மறதி நோய்க்குத் தரப்படும் மெமான்டினை லூபஸ் நோயாளிகளிடம் சோதித்த ஆய்வில் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. இதற்கென்று நிறுவப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை. நோய் தீவிரமாக இருந்தால் அதை அடக்குவது, ஆன்டிபாஸ்போலிப்பிட் இருந்தால் ரத்தக்கட்டைத் தடுப்பது, தூக்கம், ரத்த அழுத்தம், மனநிலை ஆகியவற்றைச் சீராக்குவது, உடற்பயிற்சி, வேலையை ஒழுங்குபடுத்தும் பயிற்சி ஆகியவைதான் கையில் உள்ளவை. நோய் அடங்கியிருக்கும் ஒருவருக்குச் சோதனைத் தாளை மட்டும் பார்த்து நோயெதிர்ப்பை ஒடுக்கும் மருந்தைக் கூட்டுவதை நான் செய்யமாட்டேன்.

கரும்பலகை:

காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. நோய் சீறியெழும் நேரத்திலும், காய்ச்சலின்போதும், மருந்தின் அளவு பெரிதாக மாறிய வாரத்திலும் மட்டும் தவிர்த்தால் போதும். இப்போது செய்தால் அது பின்னர் ஒப்பிடுவதற்கான உங்கள் தொடக்க அளவாக இருக்கும். மருந்தைக் குறைத்து முடித்து ஆறு மாதம் முதல் ஓராண்டு கழித்து மறுபடி செய்தால் இரண்டையும் ஒப்பிட முடியும். திரும்பச் செய்யும்போது அதே சொற்பட்டியலை வைத்தால் பழக்கத்தாலேயே மதிப்பெண் கூடும், ஆகவே மாற்றுப் பட்டியல் உண்டா என்று கேளுங்கள். இரண்டு முறையும் நாளின் ஒரே வேளையில் நேரம் வாங்குங்கள். முந்தைய இரவு எவ்வளவு தூங்கினீர்கள், அன்று எந்த மாத்திரையை எத்தனை மணிக்கு எடுத்தீர்கள், விரல் வலி எப்படி இருந்தது என்பதை அறிக்கையிலேயே எழுதிவைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை உங்களைச் சோதிப்பவர் வேறொருவராக இருந்தால் அவர் முதலில் தேடுவது அந்த வரிகளைத்தான்.